சோபா சுத்தம் செய்யும் இயந்திரம்: வாங்குமுன் கவனியுங்கள்



பிழைப்புக்காக ஊரைவிட்டு மும்பைக்கு வந்த நம்மவர்களில் அநேகர் இன்று பிறருடைய வீடுகளைச் சுத்தம் செய்யும் தொழிலில் இருக்கிறார்கள். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் உள்ள அடுக்குமாடி வீடுகளில் சோபாவையும் மெத்தையையும் சுத்தம் செய்ய ஆள் தேடுகிறார்கள். 2014-இல் தொடங்கப்பட்ட அர்பன் கம்பெனி போன்ற நிறுவனங்கள் கைபேசிச் செயலி மூலமாகவே வேலைக்கு ஆட்களை அனுப்புகின்றன.

தாராவியிலுள்ள சகோதரர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஆலோசனை கேட்டார். மூன்று ஆண்டுகளாக இன்னொருவரிடம் கூலிக்கு இவ்வேலையைச் செய்து வந்தவர் அவர். “சொந்தமாக இயந்திரம் வாங்க விரும்புகிறேன். மனைவியின் நகையை அடகு வைக்கலாம் என்றிருக்கிறோம். 2000 வாட் இயந்திரமே சிறந்தது என்று கடைக்காரர் சொல்லுகிறார். வாங்கலாமா?” என்றார்.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லுகிறோம். தவறான இயந்திரத்தை வாங்கினால் போவது நகை மாத்திரமல்ல. பிறருடைய சோபா பாழாகும், பெயரும் கெடும், சில வேளைகளில் உயிருக்கே ஆபத்து நேரிடும்.

தண்ணீரைத் திரும்ப எடுப்பதே வேலை

1901-இல் இலண்டனைச் சேர்ந்த ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், உணவகம் ஒன்றில் மெத்தை வைத்த இருக்கையின்மேல் கைக்குட்டையை வைத்து, தம் வாயினாலேயே காற்றை உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையின் மறுபக்கத்தில் தூசு படிந்திருந்தது. தூசை ஊதி விரட்டுவதைவிட உறிஞ்சி எடுப்பதே சரியான வழி என்பது அவருக்கு உறுதியாயிற்று. பூத்தின் வேக்குவம் கிளீனர் இப்படி ஓர் இருக்கையிலேதான் ஆரம்பமாயிற்று.

இத்தொழிலுக்குரிய இயந்திரத்தில் இரண்டு தொட்டிகள் உண்டு. ஒன்றில் சோப்புக் கலந்த நல்ல தண்ணீர் இருக்கும். அது குழாய் வழியாகத் துணியின்மேல் தெளிக்கப்படும். அதே கைப்பிடியின் வாய் அழுக்குத் தண்ணீரை உறிஞ்சி இரண்டாவது தொட்டிக்கு அனுப்பும். தெளிப்பது எளிது, திரும்ப எடுப்பதே கடினம். சோபாவின் உள்ளே இருக்கும் ஃபோம் தண்ணீரை எளிதில் விடுவதில்லை. விட்டுவைத்த ஈரம் நாற்றமெடுக்கும், பூஞ்சணம் பிடிக்கும். காயும்போது உள்ளே இருக்கும் அழுக்கு நீரோடு மேலேறிப் பழுப்புக் கறையாகத் தோன்றும். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலமாகையால், காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கிறது. அப்போது இந்தத் தொல்லை இரட்டிப்பாகும். ஆகவே, வாங்கும் இயந்திரம் எவ்வளவு தண்ணீரைத் திரும்ப எடுக்கிறது என்பதையே முதலாவது கேளுங்கள்.

வாட் கணக்கில் மயங்காதிருங்கள்

வாட் என்பது இயந்திரம் எவ்வளவு மின்சாரத்தைச் செலவழிக்கிறது என்பதைக் காட்டும் கணக்கு. எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு அது அளவுகோல் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் புதிதாக விற்பனைக்கு வரும் வீட்டு வேக்குவம் கிளீனர்களுக்கு 2014 செப்டம்பரில் 1600 வாட் என்றும், 2017 செப்டம்பரில் 900 வாட் என்றும் உச்ச வரம்பு விதித்தது. குறைந்த வாட்டிலும் நன்றாக உறிஞ்சும்படி இயந்திரத்தை அமைக்க முடியும் என்பதே அதன் அடிப்படை.

எனவே, பெட்டியின்மேல் அச்சிட்டுள்ள வேறு இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று மில்லிபார் கணக்கில் தரப்படும் உறிஞ்சும் அழுத்தம். 200 மில்லிபார் என்றால், ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை இழுத்து நிறுத்தும் வலிமை. மற்றொன்று ஒரு விநாடிக்கு எத்தனை லிட்டர் காற்று செல்லுகிறது என்பது. இரண்டும் வேண்டும். ஒன்று அதிகமாகவும் மற்றது மிகக் குறைவாகவும் இருந்தால் பிரயோஜனமில்லை.

கம்பளத்துக்கென்று செய்யப்பட்ட பெரிய இயந்திரங்கள் தண்ணீரை மிகுந்த வேகத்தோடு பீய்ச்சும். சோபாவுக்கு அது ஆகாது. மெதுவாகத் தெளிப்பதே போதும். கைப்பிடியின் வாய் சுமார் 10 சென்டிமீட்டர் அகலத்தில், உள்ளே தண்ணீர் ஓடுவது தெரியும்படி கண்ணாடிபோல் இருப்பது நல்லது. அழுக்கு நின்று தெளிந்த நீர் வருவதை அதில் கண்டுகொள்ளலாம். ஒருமுறை தெளித்தால் இரண்டு மூன்று முறை உறிஞ்சுவது நல்ல வேலைக்காரனின் பழக்கம்.

கடையிலேயே சோதியுங்கள்

நாக்தேவி தெருவிலோ லோஹார் சாலிலோ விசாரிக்கப் போகும்போது, பழைய ஃபோம் திண்டு ஒன்றையும் ஓர் அளவுக் குவளையையும் எடுத்துச் செல்லுங்கள். திண்டில் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றி, இயந்திரத்தைக் கொண்டு உறிஞ்சச் சொல்லுங்கள். தொட்டியில் சேர்ந்ததை அளந்து பாருங்கள். இரண்டு கடைகளில் இப்படிச் செய்தால் எது மேலானது என்பது உங்களுக்கே விளங்கும். இதற்குச் சம்மதியாத கடையில் அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.

குழாய், வடிகட்டி, மோட்டாரின் கார்பன் பிரஷ் ஆகியவை தேய்ந்துபோகும் பொருட்கள். அவை மும்பையிலேயே கிடைக்குமா, பழுது பார்ப்பவர் எங்கே இருக்கிறார் என்றும் கேளுங்கள். இயந்திரத்தை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். மின்தூக்கி இல்லாத பழைய கட்டடங்களில் நான்கு மாடி ஏற வேண்டியவர் நீங்களே.

துணியை அறியாமல் தொடாதிருங்கள்

வெளிநாட்டுச் சோபாக்களின் அடியில் ஓர் எழுத்துக் குறி இருக்கும். ‘டபிள்யூ’ என்றால் தண்ணீர் சேர்ந்த சோப்பு ஆகும். ‘எஸ்’ என்றால் தண்ணீர் ஆகாது, கரைப்பான் மாத்திரமே. ‘டபிள்யூஎஸ்’ என்றால் இரண்டும் ஆகும். ‘எக்ஸ்’ என்றால் உலர்ந்த வேக்குவம் தவிர வேறொன்றும் கூடாது. நம் ஊர்த் தச்சர்கள் செய்த சோபாக்களில் இக்குறியைக் காண்பது அரிது. அப்போது, பின்புறத்தில் கண்ணுக்கு மறைவான இடத்தில் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அவ்வேலையை ஏற்க வேண்டாம். வெல்வெட்டின்மேல் நீராவி இயந்திரத்தைப் பயன்படுத்தினால் அதன் இழை நசுங்கி, பழைய நிலைக்குத் திரும்பாமற்போகலாம்.

தோல் சோபாவுக்கும் இந்த இயந்திரம் உதவாது. சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையில் தாராவியின் தோல் கடைகளைக் கண்டு வளர்ந்த நமக்கு, நனைந்து காய்ந்த தோல் விறைத்துப்போகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

மின்சாரத்தில் விளையாட்டு வேண்டாம்

நம் வீடுகளின் மின்சாரம் 230 வோல்ட். 1500 வாட் இயந்திரம் ஆறரை ஆம்பியர் இழுக்கும். வரவேற்பறையின் சிறிய பிளக்குகள் பெரும்பாலும் 6 ஆம்பியருக்கானவை. ஆகவே, ஏசி அல்லது கீசருக்கென்று உள்ள 16 ஆம்பியர் பிளக்கிலிருந்து தரமான நீண்ட வயர் இழுக்க வேண்டியிருக்கும். அந்த வயரின் விலையையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொன்ன 2000 வாட் இயந்திரமோ ஏறக்குறைய 9 ஆம்பியர் கேட்கும்.

மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிட்டு வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். ஈரத்தோடு வேலை செய்கிற நீங்கள் அதை ஒருபோதும் செய்யக் கூடாது. ரப்பர் அடியுள்ள செருப்பை அணிந்தே வேலை செய்யுங்கள்.

நகையை அடகு வைக்குமுன்

ஈரத்தையும் தூசையும் உறிஞ்சும் சாதாரண வேக்குவம் கிளீனர் சில ஆயிரங்களில் கிடைக்கிறது. அதோடு ஒரு கைத்தெளிப்பானும் மென்மையான பிரஷும் இருந்தால் சிறிய வேலைகளை ஆரம்பிக்கலாம். இரண்டு தொட்டி இயந்திரத்தை அறிந்தவரிடம் நாள் வாடகைக்குப் பெற்று, மாதத்திற்கு எத்தனை வேலை வருகிறது என்று எழுதிப் பாருங்கள். அந்தக் கணக்கைக் கண்டபின்பு கடனைப்பற்றி யோசியுங்கள்.

அப்போதும் அடகுக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. 2015 ஏப்ரல் 8-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி முத்ரா திட்டத்தின் ‘சிஷு’ பிரிவில், 50,000 ரூபாய் வரை அடமானமின்றி வங்கிக் கடன் பெற வழியுண்டு. உங்கள் வங்கிக் கிளையில் விசாரியுங்கள். ஆயினும் அதுவும் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய கடனே.

அந்தச் சகோதரர் நகையை வீட்டிலேயே வைத்துவிட்டு, இப்போது வாடகை இயந்திரத்தோடு வேலைக்குப் போகிறார். ஒவ்வொரு வேலையையும் அவருடைய மனைவி நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறார். அது இரண்டு மாதக் கணக்காகட்டும், பிறகு இருவருமாகப் பார்த்துத் தீர்மானிப்போம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். இத்தொழிலில் இறங்க விரும்பும் நீங்களும் அப்படியே நிதானமாய்ச் செய்யுங்கள். உங்கள் உழைப்பு வாய்க்கட்டும்.