அரிவாளின் பதத்தை மிஷின் தின்னலாமா?



நம்மில் பலர் மளிகையோடு மளிகையாக அரிவாள், கொடுவாள், மடக்குக் கத்தி, அரிவாள்மனை ஆகியவற்றையும் விற்று வருகிறோம். ஜவ்வாது மலையை ஒட்டிய போளூர், ஆலங்காயம், திருப்பத்தூர் பக்கத்துக் கடைகளில் இது வழக்கமான சரக்கு. ஜமுனாமரத்தூர், புதூர்நாடு பகுதிகளிலிருந்து இறங்கி வருகிற மக்கள் உப்பு, எண்ணெய், பருப்பு வாங்கும்போதே கத்தியும் கேட்பார்கள். சமீப காலமாக இந்தச் சரக்கோடு ஒரு புதிய சேவையும் சேர்ந்திருக்கிறது. கைக்கு அடக்கமான சுழலும் மிஷின் ஒன்றைக் கடை வாசலில் வைத்துக்கொண்டு, "கொடுங்கள், இரண்டு நிமிடத்தில் சாணை பிடித்துத் தருகிறோம்" என்கிறோம். சில கடைகளில் இலவசம், சில கடைகளில் பத்து இருபது ரூபாய். இந்தச் சேவையைப் பற்றித்தான் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

பிறரைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. இந்தத் தவறு முதலில் என் கடையில்தான் நடந்தது. என் மகன் செல்போனில் பார்த்து ஒரு மிஷினைத் தருவித்தான். பென்சில் பிடிப்பதுபோல் பிடிக்கலாம். முனையில் விரல்நுனி அளவு கல்லை மாட்டிக்கொள்ளலாம். பொறி பறக்கும், கூட்டம் நின்று வேடிக்கை பார்க்கும், கத்தியின் வாய் பளபளவென்று வெளியே வரும். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்த ஆண்டு சாமை அறுவடைக்கு முன் வந்த அரிவாள்களில் முக்கால்வாசியை அதிலேயே தீட்டிக் கொடுத்தோம்.

பத்து நாள் கழித்து, பல ஆண்டுகளாக எங்களிடம் புளியும் கடுக்காயும் போடுகிற ஒரு மலைவாழ் அம்மாள் வந்தார். மேஜைமேல் அரிவாளை வைத்தார். "மொதலாளி, முன்னே எங்க ஊட்டுப் பாறையில தீட்டினா நாலு நாள் தாங்கும். உங்க மிஷின்ல போட்டதுல இருந்து பொழுது உச்சிக்கு வர்றதுக்குள்ள மழுங்குது. என்னா பண்ணீங்க இதை?" என்றார். "ஆயா, புது அரிவாள் ஒன்று எடுத்துக்கோ, காசு வேண்டாம்" என்றேன். எடுத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பருவத்துப் புளி எங்கள் கடைக்கு வரவில்லை. வேறு பாதையில் இறங்கி வேறு ஊருக்குப் போய்விட்டது. நம் மலைக்கு ஒரே வாசல் இல்லை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். போளூர் வேண்டாமென்றால் ஆலங்காயம் இருக்கிறது, திருப்பத்தூர் இருக்கிறது.

அந்த அரிவாளை எடுத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த ஒரு கொல்லரிடம் போனேன். அவர் கையில் வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தார். வாய் ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் மயில்கழுத்து நிறத்தில் நீலம் ஓடியிருந்தது. "பதம் செத்துப்போச்சுங்க" என்றார். அவ்வளவுதான்.

அவர் சொன்னதன் விவரத்தைப் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். நம் பக்கத்துக் கொல்லர்கள் பெரும்பாலும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துத்தான் அரிவாள் செய்கிறார்கள். அந்த எஃகை 800 டிகிரி அளவுக்குச் செக்கச்செவேலெனக் காய்ச்சி, எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்த்தால் கண்ணாடிபோல் கடினமாகிவிடும். அப்படியே விட்டால் கல்லில் பட்டதும் உடையும். ஆகவே மறுபடி மிதமாகச் சூடு காட்டிக் கடினத்தைக் கொஞ்சம் குறைப்பார்கள். அந்தச் சூட்டில் எஃகின் மேல் நிறம் ஓடும். சுமார் 220 டிகிரியில் வைக்கோல் நிறம், அதற்கு மேலே பழுப்பு, பிறகு ஊதா, 300 டிகிரியை நெருங்கினால் நீலம். கொல்லர் தனக்கு வேண்டிய நிறம் வந்ததும் நிறுத்திவிடுவார். வைக்கோல் நிறத்தில் நின்றால் வாய் கடினமாக இருக்கும். நீலம் வரை போனால் ஸ்பிரிங்குக்கு உதவும், வெட்டுவாய்க்கு உதவாது. கொல்லரின் வித்தை முழுவதும் இந்த ஐம்பது நூறு டிகிரி வித்தியாசத்தில்தான் அடங்கியிருக்கிறது.

இப்போது நம் மிஷினுக்கு வருவோம். இந்தச் சிறு மிஷின்கள் நிமிடத்துக்கு 5,000 முதல் 35,000 சுற்று வரை சுழல்கின்றன. வெல்டிங் பட்டறைகளில் உள்ள 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர் 11,000 சுற்று அளவில் ஓடும். அதன் கல்லின் விளிம்பு நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் ஓடுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இவ்வளவு வேகத்தில் உரசினால் வருவது சூடு. கத்தியின் முதுகில் சூடு பட்டால் உலோகம் தடிமனாக இருப்பதால் பரவிப் போய்விடும். வாய் முனையோ காகிதத்தைவிட மெல்லியது. சூடு போவதற்கு இடமில்லை. ஒரு கணம் அழுத்தினால் போதும், கொல்லர் அரும்பாடுபட்டு நிறுத்திய பதத்தைத் தாண்டிப் போய்விடும்.

இதிலே ஒரு ஏமாற்றமும் உண்டு. நீலம் ஓடிவிட்டால் அதை மறுபடி பஃப் போட்டுத் துடைத்தால் மறைந்துவிடும். நிறம் என்பது மேலே படிந்த மெல்லிய துருப்படலம்தான். அதைத் துடைத்தால் நிறம் போகுமே தவிர, போன கடினம் திரும்பி வராது. வாடிக்கையாளர் பளபளப்பைப் பார்த்துத் திருப்தியாகப் போவார். காட்டில் போய்த்தான் உண்மை தெரியும்.

நம் முன்னோர் சாணை இப்படி இல்லை. குருந்தக்கல்லைப் பொடித்து அரக்கில் குழைத்துச் சக்கரமாக்கினார்கள். இங்கிலீஷில் கொரண்டம் என்கிறார்களே, அந்தச் சொல்லே நம் தமிழ்க் குருந்தத்திலிருந்து போனதுதான். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் அந்தக் கல் கிடைக்கிறது. வைரத்துக்கு அடுத்த வரிசையில் வைத்து எண்ணப்படும் கடினம் அதற்கு. தெருவில் "கத்தி சாணை பிடிக்கிறதே" என்று வருகிறவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு மிதிப்பார். அழுத்திப் பிடித்தால் கால் வலிக்கும், சக்கரம் தளரும், தானாகவே கையைத் தளர்த்துவார். மின்சார மோட்டாருக்குக் கால் வலிப்பதில்லை. அழுத்த அழுத்த அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். வித்தியாசம் இவ்வளவே.

மெதுவாகத் தேய்ப்பதற்கு நம் மலையிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. காவலூர் வானாய்வகத்தில் 1986-இல் திறக்கப்பட்ட தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் குறுக்களவு. அதைப் பெங்களூரில் நம்மவர்களே பொறுமையாகத் தேய்த்து மெருகேற்றினார்கள். அரிவாளுக்கு அவ்வளவு வேண்டாம்தான். இருந்தாலும் இரண்டு நிமிடம் என்று நாம் ஏன் பறக்க வேண்டும்?

மிஷினே கூடாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் டிரெமல் என்பவர் 1932-இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரையே இந்த வகை மிஷினுக்கு இன்று பலரும் சொல்கிறார்கள். அதுவும் இல்லாத சாமானிய ரகங்கள் மலிவாக வந்து குவிந்துவிட்டன. மடக்குக் கத்தியின் கீல் இடுக்கில் துரு எடுக்க இதைப்போல் வசதி கிடையாது. கொக்கி அரிவாளின் உள்வளைவில் தட்டையான கல் போகாது. அங்கே விரலளவு கல் போகும். ஆணியில் பட்டுப் பல் விழுந்த கத்தியைச் சமன்செய்யவும் உதவும். ஆனால் குறைந்த வேகத்தில் வைத்து, ஒரு இழுப்புக்கு ஒருமுறை கத்தியைத் தண்ணீரில் முக்க வேண்டும். மிஷினைத் தண்ணீர் அருகே கொண்டுபோகக் கூடாது. கரண்டு விஷயம், விளையாட்டில்லை. கத்தியைப் பிடிக்கிற கைக்கு உறை போடாமல் இருந்தால் சூடு உடனே தெரியும். கை பொறுக்காத சூடு வந்தால் நிறுத்திவிட வேண்டும். கண்ணாடி அணியாமல் கடைப் பையனை உட்கார வைப்பது பாவம்.

கடைசி வாயைக் கல்லில்தான் கட்ட வேண்டும். சிறு கல் மிஷினில் எவ்வளவு கைப்பழக்கம் இருந்தாலும் வாய் அலை அலையாகத்தான் வரும். விரலால் தடவிப் பார்த்தால் தெரியும். சொரசொரப்பும் வழவழப்புமாக இரண்டு பக்கமுள்ள கார்பொரண்டம் கல் ஒன்று போதும். மடக்குக் கத்திக்குப் பக்கத்துக்கு 20 டிகிரி சாய்வு. கட்டை வெட்டும் கொடுவாளுக்கு இன்னும் கொஞ்சம் நிமிர்த்திப் பிடிக்கலாம். பிசிறு நிற்கும், நாவிதர் செய்வதுபோல் தோல் வாரில் நாலு இழுப்பு இழுத்தால் உதிர்ந்துவிடும். எனக்கு ஒரு மடக்குக் கத்திக்கு ஏழெட்டு நிமிடம் ஆகிறது.

கருக்கரிவாளை மட்டும் எந்த மிஷினுக்கும் காட்டாதீர்கள். சாமையும் நெல்லும் அறுக்கிற அந்த அரிவாளின் வேலையே அதன் பல்லில்தான் இருக்கிறது. சாணையில் வைத்தால் பல் போய்விடும். கருக்கு வெட்டுவது கொல்லர் வேலை. நம் கடையில் வாங்கி வைத்து, வாரம் ஒருமுறை அவரிடம் அனுப்பி, அடுத்த சந்தைக்குத் திருப்பிக் கொடுக்கலாம். கூலி அவருக்கு, வாடிக்கை நமக்கு. நம்மால் அவர் பிழைப்பும் கெடாது.

இதைச் சொன்னபோது ஒரு நண்பர் காதோடு காதாகக் கேட்டார்: "அரிவாள் சீக்கிரம் தேய்ந்தால் இன்னொன்று விற்குமே, உமக்கென்ன நஷ்டம்?" இப்படி நினைக்கிறவர்கள் நம்மிடையே சிலர் இருப்பதால்தான் இக்கட்டுரையை எழுதவே துணிந்தேன். ஒரு அரிவாளில் நமக்குக் கிடைப்பது இருபது முப்பது ரூபாய். அதே கை கொண்டுவந்து போடுகிற புளியில், சாமையில், தேனில், சீத்தாப்பழத்தில் நமக்கு நிற்பது எவ்வளவு என்று அவரவர் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தால் தெரியும். மலையில் இருப்பவருக்கு அந்த அரிவாள் பண்டம் அல்ல, கூலி. அறுவடை நாளில் அது மழுங்கினால் அன்றைய கூலி போய்விடும். அதற்குப் புது அரிவாள் ஈடாகாது. என்னிடம் புளி வராமல் போனதும் அந்தக் கணக்கில்தான்.

வெறும் பேச்சாக இருக்க வேண்டாம் என்பதற்காக ஒரு காரியம் செய்திருக்கிறேன். ஒரே கொல்லர், ஒரே பட்டையில் அடித்த இரண்டு அரிவாள்களை வாங்கினேன். ஒன்றை மிஷினில் தண்ணீர் காட்டாமல் தீட்டினேன்; மற்றதைக் கல்லில் தீட்டினேன். இரண்டின் காம்பிலும் நூல் கட்டி அடையாளம் வைத்திருக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்திற்கு இரண்டையும், வெட்டிப் பார்க்கக் காய்ந்த மூங்கிலையும் கொண்டு வருகிறேன். சந்தேகமுள்ள உறுப்பினர்கள் தங்கள் கையாலேயே சோதித்துப் பார்க்கலாம்.