கழுவித் துடைக்கும் நேரத்துக்கும் கூலி உண்டு

ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் பக்கம் ஏறும் பாதையிலும், கண்டியிலிருந்து பலகடுவ மேட்டைத் தாண்டி மாத்தளைக்கு இறங்கும் ஏ9 வீதியிலும், வாகனத்தை ஓரங்கட்டி ரேடியேற்றர் ஆறும்வரை காத்திருக்கும் சாரதிகளை எம்மில் பலர் கண்டிருப்போம். அவ்வாறு மீண்டும் மீண்டும் சூடேறும் எஞ்சின்களுள் கணிசமானவை இறுதியில் ஒரே செய்தியுடன் கராஜுக்கு வந்து சேருகின்றன. "ஹெட் கஸ்கட் போய்விட்டது." இச்செய்தி ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தையே அசைக்கக்கூடியது. ஆகவே இது மெக்கானிக்குகள் மட்டும் பேசிக்கொள்ளும் விடயம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

ஹெட் கஸ்கட் என்பது சிலிண்டர் புளொக்குக்கும் அதன் மேல் அமரும் ஹெட்டுக்கும் நடுவில் கிடக்கும் மெல்லிய தகடு. எரியும் வாயுவைச் சிலிண்டருக்குள் அடைத்து வைப்பதும், தண்ணீரையும் ஒயிலையும் தத்தம் துவாரங்களின் வழியே மட்டும் போகவிடுவதும் அதன் வேலை. ஓர் ஓட்டோவின் டயருக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு பார். டீசல் எஞ்சினின் சிலிண்டருக்குள் எரியும் கணத்தில் அது நூறு பாரையும் தாண்டக்கூடும். இதை ஒரு தகடு தாங்குகின்றது என்றால், அத்தகட்டை இருபுறமும் நெரிக்கும் இரண்டு உலோக முகங்களும் சுத்தமாகவும் மட்டமாகவும் இருப்பதால்தான். முகத்தில் ஒரு பள்ளம் இருந்தால் வாயு அதைத் தேடிக் கண்டுபிடித்துவிடும்.

எமது மாவட்டத்தில் இதற்குத் தனிக் கனம் உண்டு. 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. நடுவில் 2022இன் நெருக்கடி வேறு. ஓடிக் களைத்த எஞ்சின்களையே பழுது பார்த்து ஓட்டவேண்டிய நிலை இக்காலத்தில் உறுதியாகிவிட்டது. தம்புள்ளை, கலேவெலப் பக்கங்களில் சிறுபோகத்தில் பெரிய வெங்காயம் செய்கிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1989 முதல் அரச மானியத்துடன் பரவிய விவசாயக் கிணறுகளில் தண்ணீர் இருக்கலாம். அதை மேலே ஏற்றும் எஞ்சின் நாலு நாள் கராஜில் கிடந்தால் கிணறு இருந்து என்ன பயன்? லான்ட்மாஸ்டர் நின்றாலும் இதே கதைதான்.

கேட்கக் கிடைக்கும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "புதுக் கஸ்கட் போட்டோம், இரண்டு மாதத்தில் திரும்பவும் போய்விட்டது." பழி உடனே டூப்ளிகேட் சாமானின் மேல் விழுகின்றது. சில வேளை அது உண்மையும்கூட. ஆயினும் கஸ்கட்டைக் குறைசொல்லும் முன், அது எந்த முகத்தின் மேல் வைக்கப்பட்டது என்று கேட்பதே நியாயம் என்பது என் கருத்து.

பழைய கஸ்கட் கழன்று வரும்போது பாதி ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை எடுக்க இரண்டு வழிகள் உண்டு. மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்த சுரண்டியால், தேவையான இடத்தில் கரைக்கும் திரவம் பூசி, பொறுமையாக எடுப்பது ஒன்று. கிரைண்டரில் உரசும் வட்டைப் பூட்டி ஐந்து நிமிடத்தில் பளபளப்பாக்குவது மற்றது. இரண்டாவது பார்வைக்கு அழகு, கெடுதியும் அதில்தான். வட்டு அலுமினியத்தைச் சமமாகத் தின்பதில்லை, அங்கங்கே குழி விழுத்திவிடும். அதிலிருந்து உதிரும் அலுமினியம் ஒக்சைட் துகள் ஒயிலோடு சேர்ந்து பெயரிங்குகளை அரிக்கும். ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் இதே காரணத்துக்காக இவ்வட்டுகளைப் பாவிக்க வேண்டாம் என்று தன் முகவர் கராஜ்களுக்குச் சேவை அறிவித்தல் அனுப்பியது. கஸ்கட் வேலை முடிந்து சில வாரங்களில் எஞ்சின் தட்டத் தொடங்கினால், அது வேறு வருத்தம் என்று எண்ணி வேறு கணக்கில் எழுதுகிறோம்.

பழைய லொறிகளிலும் உழவு இயந்திரங்களிலும் கழற்றும் கஸ்கட்டில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். அதை உலர்ந்தபடி சுரண்டுவதும், கொம்பிரசரால் ஊதிவிடுவதும் கூடாது. நனைத்து எடுக்க வேண்டும். அத்தூசை அன்றாடம் சுவாசிப்பவன் வாகனச் சொந்தக்காரன் அல்லவே.

சுத்தம் செய்த பின் அளக்க வேண்டும். நேர் விளிம்புள்ள உருக்குச் சட்டம் ஒன்றை ஹெட்டின் முகத்தில் நீளவாக்காகவும் குறுக்காகவும் இரு மூலைகளுக்கும் இடையிலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்ப்பார்கள். எஞ்சினுக்கு எஞ்சின் எல்லை வேறுபடும், பொதுவாக 0.05 முதல் 0.10 மில்லிமீற்றர் வரைதான் பொறுப்பார்கள். நாம் எழுதும் சாதாரண வெள்ளைத்தாளின் கனம் ஏறக்குறைய 0.10 மில்லிமீற்றர். வெறுங்கண்ணால் பார்த்து "மட்டம்தான்" என்று சொல்வது எவ்வளவு துணிச்சல் என்று யோசித்துப் பாருங்கள். 1990களிலிருந்து பரவிய பல அடுக்கு உருக்குக் கஸ்கட்டுகள் பழையவற்றைவிட மிருதுவான, கீறலற்ற முகத்தைக் கேட்கின்றன.

வளைந்திருந்தால் லேத் வேலைத்தலத்தில் சீவ வேண்டும். அதற்கும் ஓர் அளவு உண்டு, குறிப்பாக டீசலில். பல ஜப்பானிய டீசல் எஞ்சின்களுக்கு ஒரே கஸ்கட் வெவ்வேறு கனங்களில் வருகின்றது; ஓரத்திலுள்ள வெட்டுகளோ துளைகளோ அக்கனத்தைக் காட்டும். பிஸ்டன் புளொக்குக்கு மேல் எவ்வளவு நீட்டி நிற்கிறது என்று அளந்துதான் அதைத் தெரிவு செய்ய வேண்டும். கடைக்காரர் கையில் அகப்பட்டதைக் கொடுத்தனுப்பும்போது இது நடப்பதில்லை.

அடுத்தது போல்ட் துவாரங்கள். அடி மூடிய துவாரத்துக்குள் தண்ணீரோ ஒயிலோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அது ஒதுங்க இடமின்றிப் புளொக்கையே வெடிக்கச் செய்யலாம். அல்லது ஹெட்டை இறுக்காமலே இறுகியதுபோல் காட்டும். துவாரத்தை ஊதிக் காயவைத்த பின், டோர்க் றென்ச்சினால், நடுவிலிருந்து வெளிப்புறமாக, இரண்டு மூன்று தடவையாக இறுக்க வேண்டும். கழற்றும்போது எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஒழுங்கும் மறுதலை, ஓரத்திலிருந்து நடுவுக்கு. ஒருமுறை நீண்டுவிட்டால் திரும்பப் பாவிக்கக் கூடாத போல்ட்டுகளும் உண்டு. அவற்றைத் துடைத்து மறுபடி போடுவது சிக்கனமாகாது.

இனி ஷெலாக் விவகாரம். கஸ்கட்டின் இருபுறமும் ஷெலாக்கோ சிலிக்கனோ பூசினால் "கூடுதலாக ஒட்டும்" என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கின்றது. மேற்பூச்சுடன் வரும் இக்காலத்துக் கஸ்கட்டுக்கு அது தேவையில்லை. நெரிபட்டு வழியும் சிலிக்கன் ஒயில் துவாரத்தை அடைத்த கதைகள் உண்டு. முன்மூடியும் புளொக்கும் சந்திக்கும் மூலையில் ஒரு பொட்டு வைக்கும்படி சில எஞ்சின்களின் கைந்நூலே சொல்லும். அதோடு நிறுத்த வேண்டும். கெட்ட முகத்தை ஷெலாக்கால் மூடுவது, ஈரச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் போன்றது.

எஞ்சின் ஏன் சூடேறியது என்பதைப் பாராமல் கஸ்கட்டை மட்டும் மாற்றுவதும் வீண்தான். எமது வரண்ட பகுதிக் கிணற்று நீர் கடினமானது. ரேடியேற்றருக்குள் சுண்ணாம்பு படியும். தேமோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

இவ்வளவும் மெக்கானிக்குகளுக்குத் தெரியாதா? பலருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் கூலி, ஹெட்டைக் கழற்றிப் பூட்டுவதற்கென்று மொத்தமாகப் பேசப்படுகின்றது. சுரண்டி, துடைத்து, அளந்து பார்க்கும் அரை நாளுக்கு யாரும் பணம் தருவதில்லை. அந்த அரை நாளில் கண்ணுக்குத் தெரியும் வேலை எதுவும் நடப்பதுமில்லை. "பாஸ், பின்னேரம் நாலு மணிக்குள்ள வண்டி வேணும்" என்று சொந்தக்காரர் பக்கத்தில் நிற்பார். லீசிங் தவணையை நினைத்துத்தான் அவரும் நிற்கிறார். அந்த அவசரத்தில் கிரைண்டரை எடுக்கும்படி ஏவப்படுபவன், தோட்டத்திலிருந்து வந்து தொழில் பழகும் இளைஞன். அவன் கற்றுக்கொள்வதும் அதைத்தான்.

தொழில் பழகிய இளைஞர்களுக்குப் பல நிறுவனங்கள் கருவிப்பெட்டி வழங்குகின்றன. வரவேற்கத்தக்கதே. ஆனால் அப்பெட்டிகளில் ஸ்பனர்கள் நிறைந்திருக்க, நேர்விளிம்புச் சட்டமும் ஃபீலர் கேஜும் டோர்க் றென்ச்சும் பெரும்பாலும் இருப்பதில்லை. கழற்றுவதற்கான கருவியைக் கொடுத்து, அளப்பதற்கான கருவியைக் கொடாமல் விடுகிறோம். ஆளுக்கொரு டோர்க் றென்ச் வாங்க இயலாதெனில், நான்கைந்து சிறு கராஜ்கள் சேர்ந்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம். கிராமச் சங்கம் ஒன்று அதை வாங்கி இரவல் கொடுக்கலாம். ஏற்கெனவே தொழில் செய்பவரின் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் வழி தேசிய தொழிற் தகைமை முறையில் இருக்கின்றது. எமது இளைஞர்களை அதற்கு விண்ணப்பிக்கச் செய்ய வேண்டும். மாவட்டத்தில் அதிகம் ஓடும் ஏழெட்டு எஞ்சின்களின் இறுக்கும் அளவையும் ஒழுங்கையும் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, கராஜ் சுவர்களில் ஒட்டக் கொடுப்பதும் பெரிய செலவல்ல.

வாகனச் சொந்தக்காரர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்த முறை ஹெட் கழற்றப்படும்போது, "அளந்தீர்களா? எவ்வளவு வளைவு?" என்று கேட்டு, அந்த எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். அதற்கான கூலியையும் அதே பில்லில் வேறாக எழுதச் சொல்லிக் கொடுங்கள்.