இறுவட்டு மலிவு, தரவிறக்கம் விலை

அச்சிடும் செலவில்லை, பெட்டியில்லை, கப்பற் கூலியுமில்லை. ஆயினும் கணினி விளையாட்டொன்றைத் தரவிறக்கம் செய்யக் கொடுக்கும் விலை, சில வேளைகளில் பெட்டியில் வரும் இறுவட்டின் விலையை விஞ்சி நிற்கிறது. இது எவ்வாறு?

விலையைத் தீர்மானிப்பது செலவு மட்டுமன்று, போட்டியுமாகும். இறுவட்டைப் பல கடைகள் விற்கின்றன. தேங்கிய சரக்கு பணத்தை முடக்குவதால், கடைக்காரர் விலையைக் குறைத்தேனும் விற்றுவிடுவார். விளையாடி முடித்தவரும் கைமாற்றி விற்பார். தரவிறக்கத்திலோ தேங்கச் சரக்குமில்லை, கைமாற்ற வழியுமில்லை. 2020இல் சோனி, இறுவட்டு இயக்கி இல்லாத பிளேஸ்டேஷன் 5 ஒன்றையும் வெளியிட்டது. அதை வாங்கியவர் சோனியின் இணையக் கடையையே நம்பியிருக்க வேண்டும்.

தள்ளுபடிக் காலத்தில் தரவிறக்கமும் மலிகிறதே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த நாளைக் குறிப்பவர் விற்பவரே.

மருதானையின் பழைய புத்தகக் கடைகளில் மாணவர்கள் குறைந்த விலைக்கு நூல் வாங்க முடிவது, முதலில் வாங்கியவருக்கு அதை விற்கும் உரிமை இருப்பதனாலேயே. ஸ்டீம் தளத்தில் வாங்கிய விளையாட்டுகளுக்கும் அவ்வுரிமை உண்டென 2019இல் பாரிஸ் நீதிமன்றமொன்று தீர்ப்பளித்தது. 2022இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. கலிபோர்னியாவிலோ, விற்கப்படுவது உரிமம் மட்டுமே எனில் அதனைத் தெளிவாக அறிவிக்க வேண்டுமென்ற சட்டம் 2025இல் நடைமுறைக்கு வந்தது.

இலங்கையிலும் அத்தகைய அறிவிப்பையாவது கட்டாயமாக்க வேண்டும். மறுபடி விற்க முடியாத பொருளுக்கு முழுவிலை கேட்பது நியாயமன்று. உரிமை குறைந்தால் விலையும் குறையட்டும்.