செங்கல் போதும், ஜப்பான் மண் வேண்டாம்

ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப் போல இரு மடங்குக்கும் மேல். மே மாதம் பிடித்தால் டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேரில், ஷாதிபூர் மாதிரியான பகுதியில் வாசலில் நாலு தொட்டி வைத்து போன்சாய் வளர்க்க ஆசைப்படுபவர் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு இதுதான். செம்மண், மணல், எரு ஆகியவற்றைச் சம பங்காகக் கலக்கும் பழைய வழக்கம் மதுரையில் சரிப்படலாம். இங்கே இரண்டு மாத மழையில் அந்தக் கலவை இறுகிச் சேறாகும். வேர் அழுகும்.

தப்பு மழையின் மீது மட்டும் இல்லை, தொட்டியின் மீதும்தான். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஒன்றை நனைத்துப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடியும் தண்ணீர் கொட்டும். மண்ணும் அப்படியே. எந்த மண்ணானாலும் அடியில் ஒரு பட்டை ஈரம் வடியாமல் தங்கும். மண் எவ்வளவு நைசோ, அந்தப் பட்டை அவ்வளவு உயரம். ஆழமான தொட்டியில் அது அடியோடு போய்விடும். இரண்டு அங்குலத் தட்டில் வேர் முழுவதும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். அடியில் ஜல்லி பரப்பினால் நீர் வடியும் என்பது பலரது நம்பிக்கை. உண்மையில் ஈரப் பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

ஆகவே மண்ணின் பெயரைவிடக் குருணையின் அளவே முக்கியம். ஜப்பானின் கான்டோ சமவெளியில் தோண்டி எடுக்கும் அகடாமாவுக்கு இருக்கும் புகழெல்லாம் அது குருணையாக இருப்பதாலும், நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டே காற்றுக்கும் வழி விடுவதாலும்தான். அதுவும் சில ஆண்டுகளில் நொறுங்கிவிடும். ஒரு மூட்டை தருவிக்கும் செலவு, நாற்றங்கால் கன்றின் விலையைச் சுலபமாக மிஞ்சும். தீவுக்கு என்றால் கப்பல் கூலி வேறு.

ஜப்பான் மண் செய்யும் வேலையைச் செங்கல்லும் செய்யும். சந்தேகம் இருந்தால் எதிரே இருக்கும் ராஸ் தீவுக்குப் போய்ப் பாருங்கள். 2018 முதல் அதற்கு நேதாஜியின் பெயர். பிரிட்டிஷார் விட்டுப்போன கட்டடங்களின் சுவர்களை ஆல், அத்தி இனத்து வேர்கள் பின்னிப் பிடித்திருக்கின்றன. மண்ணே இல்லாத சுவரில், செங்கல் இடுக்கு ஈரத்தில் தொடங்கிய மரங்கள் அவை.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் உடைந்த செங்கல் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கிடைக்கும். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள். காலையில் கரைந்திருந்தால் வேகாத கல், வேண்டாம். காரை ஒட்டிய பழைய கல்லைச் சுரண்டாமல் சேர்க்கக்கூடாது. ஹாலோ பிளாக் உடைசல் அறவே கூடாது, சிமென்ட்டின் சுண்ணாம்பு இறங்கி இலை வெளுக்கும். நல்ல கல்லைச் சாக்கில் கட்டிச் சுத்தியலால் உடைத்து, கடுகைவிடப் பெரியதும் பட்டாணியைவிடச் சிறியதுமாகச் சலித்தெடுங்கள். தூசியைக் கழுவித் தள்ளுவது மிக முக்கியம். இதில் சோம்பல்பட்டால் மற்றதெல்லாம் வீண்.

மூன்று பங்கு செங்கல் குருணைக்கு ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு நன்றாக மக்கிய எரு. தேங்காய்க்குத் தீவில் பஞ்சமில்லை. ஆனால் நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தரம் ஊறவைத்துப் பிழிய வேண்டும்.

கண்ணெதிரே கடற்கரை இருக்கும்போது மணலுக்கு ஆசை வருவது இயல்பு. தொடாதீர்கள். உப்பைக் கழுவினாலும் சிப்பி, பவளத் துகள்களின் சுண்ணாம்பு போகாது. தவிர, அந்தமானில் கடற்கரை மணல் அள்ளுவதைப் படிப்படியாகக் குறைக்கும்படி 2002இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. பவளமோ வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பது.

இளம் கன்றுக்கு அழகுத் தட்டு அவசரமில்லை. அடிமரம் பருக்கும்வரை ஓட்டையுள்ள பிளாஸ்டிக் காய்கறிக் கூடையே மேல். நீர் நிற்காது, வேரும் காற்றுப்பட்டுக் கிளைக்கும். ஆல், இச்சி, புளி எல்லாம் இதில் நன்றாக வரும். செங்கல்லில் சத்து கிடையாது என்பதால், வளரும் காலத்தில் மாதம் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கையும் கடலைப் புண்ணாக்கையும் கலந்து மேலே தூவ வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை ஓய்ந்திருக்கும்போது இந்தக் கலவை சீக்கிரம் காயும். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற ஆளில்லாத வீடென்றால் நார்க்கழிவை இரண்டு பங்காக்கலாம்.

இரண்டு ஆண்டு கழித்துத் தொட்டி மாற்றும்போது பழைய செங்கல்லைக் கொட்டிவிடாதீர்கள். வெயிலில் காயவைத்து மறுபடி சலித்தால் பெரும்பகுதி திரும்ப உதவும். கழியும் தூளை வாசல் கறிவேப்பிலைக்குப் போடலாம்.