கதவு திறந்தால் போதுமா?

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது எங்கள் புதுச்சத்திரம். முட்டை ஏற்றிய வண்டிகளும் வடநாடு செல்லும் லாரிகளும் இரவு பகலாக ஓடும் சாலை அது. சாலையை விட்டுச் சற்று உள்ளே நடந்தால் நிலக்கடலைக் காடும் குச்சிக்கிழங்குக் காடும் கோழிப்பண்ணைகளுமே கண்ணில் படும். இந்தப் பக்கத்தில் வாழும் ஆசிரியைகளாகிய எங்கள் வாழ்வில் புதுமை என்று சொல்ல ஒன்றுமில்லை. விடியலில் வாசல் தெளித்துக் கோலமிடுவோம். பால் வாங்கிக் காய்ச்சுவோம். பஸ் பிடித்துப் பள்ளிக்கு வருவோம். மாலையில் திருத்த வேண்டிய நோட்டுக் கட்டுடன் வீடு திரும்புவோம். இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இந்த எளிய வாழ்வு ஒரு முறை நின்றுபோய், பிறகு சிறிது சிறிதாக மீண்டது. அப்போது எங்கள் உள்ளத்தில் உறுதிப்பட்ட கருத்து ஒன்றை மாணவியருக்கும் பெற்றோருக்கும் சொல்ல விரும்புகிறோம்.

2020 மார்ச்சில் கொரோனா நோய் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. அம்மாதம் 25ஆம் நாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. உலகம் முழுவதிலும் 150 கோடிக்கு மேற்பட்ட மாணவ மாணவியர் வீட்டிலிருந்த காலம் அது. எங்கள் சாலையும் ஓய்ந்தது. புதன்சந்தையில் மாட்டுச் சந்தை கூடவில்லை. நகரத்தார் சிலர் குயிலோசை கேட்கிறது, காற்று தூய்மையாக இருக்கிறது என்று மகிழ்ந்தனர். பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடத்தின் அமைதியில் எங்களுக்கு மகிழ்ச்சி இல்லை.

கைபேசியில் பாடம் நடத்தினோம். ஆனால் பல வீடுகளில் இருந்தது ஒரே கைபேசி. தந்தை லாரி ஓட்டுபவரானால் அதுவும் அவரோடு வெளிமாநிலம் போய்விடும். கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் வந்தன, நல்ல முயற்சிதான். எனினும் தொலைக்காட்சியைப் பார்த்து, "டீச்சர், புரியலைங்க" என்று சொல்ல முடியுமா? நாளடைவில் பெண்பிள்ளைகள் பலர் கடலை பறிக்கவும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவும் போய்விட்டனர்.

தளர்வுகள் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2021 ஜனவரி 19 அன்று 10, 12ஆம் வகுப்புகள் திறந்தன. வகுப்பறைக்கு 25 பேர் என்று விதி. பிப்ரவரி 8 அன்று 9, 11ஆம் வகுப்புகள் வந்தன. இரண்டாம் அலையால் மீண்டும் பூட்டு விழுந்தது. அவ்வாண்டு ஜூனில் பல மாவட்டங்களுக்குக் கிடைத்த தளர்வுகள், நோய் மிகுந்திருந்த நாமக்கல் உள்ளிட்ட 11 மாவட்டங்களுக்குப் பிந்தியே வந்தன. செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரையிலும், நவம்பர் 1 அன்று 1 முதல் 8 வரையிலும் வகுப்புகள் திறந்தன. 2020 மார்ச்சில் 6ஆம் வகுப்பில் இருந்த சிறுமி மறுபடி வகுப்பில் வந்து உட்கார்ந்தபோது 8ஆம் வகுப்பு மாணவி! இடையில் 7ஆம் வகுப்பு என ஒன்று இருந்ததை அவள் அறியாமலே தாண்டிவிட்டாள்.

கதவு திறந்தது, எல்லாம் சரியாகிவிட்டது என்று பலர் நினைத்தனர். விட்ட பாடங்களை விரைந்து முடிப்பதே முதல் வேலை என்றனர். நாங்கள் அவ்வாறு எண்ணவில்லை. பாடம் காத்திருக்கும், பிள்ளை காத்திருக்க மாட்டாள். வந்த பிள்ளைகளை எண்ணுவதற்கு முன் வராத பிள்ளைகளை எண்ண வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

வருகைப் பதிவேட்டை வெறும் சடங்கு என்று கருதுவோர் உண்டு. 2020இல் 10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டபோது, காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களுக்கு 80 விழுக்காடும் வருகைக்கு 20 விழுக்காடும் அளித்தே தேர்ச்சி கணக்கிடப்பட்டது. வருகைக்கு உள்ள மதிப்பை அன்று எல்லோரும் கண்டனர். அதைவிடப் பெரிய மதிப்பும் அதற்கு உண்டு. ஒரு பெயரைக் கூப்பிட்டு, பதில் வராதபோது, "அவள் ஏன் வரவில்லை?" என்று யாரோ ஒருவர் கேட்கிறார். நாள்தோறும் எழும் அந்தக் கேள்வியே ஒரு பெண்பிள்ளைக்குக் காவலாகும். அக்கேள்வி மாதக்கணக்கில் எழாத இடத்தில்தான் இளவயதுத் திருமணப் பேச்சு எழுகிறது. மில் வேலைக்கு ஆள் கேட்டு வருகிறார்கள்.

ஆகவே தளர்வுக் காலத்தில் கிராமத்து ஆசிரியையின் வேலை வகுப்பறைக்கு வெளியே தொடங்கியது. மாலையில் முகக்கவசத்துடன் காட்டு வழியே நடந்து, திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. "பொட்டப்புள்ளைதானுங்க டீச்சர், இத்தன படிச்சது போதாதுங்களா?" என்று தாய்மார் கேட்டனர். அவர்கள் கொடியவர்கள் அல்லர்; வேலையும் வருமானமும் இழந்து களைத்தவர்கள். அவர்களிடம் சட்டத்தை மட்டும் பேசிப் பயனில்லை. 18 வயதுக்கு முன் பெண்ணுக்கு மணம் முடிப்பதை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்பதையும், 1098 என்ற எண்ணில் உதவி கேட்கலாம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதோடு, "நாளைக்கு அனுப்புங்கம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி, அப்படியே பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் இவ்வுண்மையை ஒட்டியதே. மாலை வேளையில் தன்னார்வலர்கள் தம் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படிக்கச் செய்தார்கள். பிள்ளை வரும் வரை காத்திராமல் பிள்ளை இருக்கும் இடத்துக்கே கல்வி சென்றது.

இன்று முகக்கவசம் இல்லை; சாலையில் லாரிகள் பழையபடி ஓடுகின்றன. ஆனால் ஒவ்வொரு ஜூனிலும், ஒவ்வொரு நீண்ட விடுமுறைக்குப் பின்னும், திரும்பி வராத பிள்ளை எங்கேனும் இருக்கவே செய்கிறாள். பெற்றோரே, உங்கள் மகளைப் பற்றி மட்டுமன்றி அடுத்த வீட்டுச் சிறுமி பள்ளிக்குப் போகிறாளா என்றும் கேளுங்கள். மாணவச் செல்வங்களே, உங்கள் பக்கத்து இடம் இரண்டு நாள் தொடர்ந்து காலியாக இருந்தால், மூன்றாம் நாள் எங்களிடம் வந்து சொல்லுங்கள். அது கோள் சொல்வது ஆகாது, தோழமையாகும்.

வாசல் தெளிப்பதும் பஸ் பிடிப்பதும் பெயர் கூப்பிடுவதுமாகிய எங்கள் வாழ்வு எளியதுதான். அதில் நாள் தவறாமல் ஒரு சிறுமியின் பெயர் உரக்கக் கூப்பிடப்படுகிறது. "உள்ளேன் ஐயா" என்றோ "பிரசன்ட் சிஸ்டர்" என்றோ "வந்துட்டேன் டீச்சர்" என்றோ அவள் எப்படிச் சொன்னாலும் சரி, அந்தக் குரல் தினமும் கேட்க வேண்டும்.