சிக்கனச் சிகாமணி - 9: வானத்துல இருக்கறது இலவசம்!

போன தடவை பாடப்புத்தகத்தை எப்படிக் காசில்லாம ஒப்பேத்தறதுன்னு மொக்கை போட்டேன். இந்தத் தடவை மேட்டர் கொஞ்சம் சீரியஸ்.

வர்ற மே மாசம் எனக்குப் பட்டமளிப்பு. ஊர்லேர்ந்து அப்பாவும் அம்மாவும் முதல் தடவையா இங்க வர்றாங்க. விழா முடிஞ்ச கையோட அஞ்சு நாள் ரோடு ட்ரிப். ஃபீனிக்ஸ்ல கிளம்பி கிராண்ட் கேன்யன், அங்கேர்ந்து பேஜ், அப்புறம் மானுமென்ட் வேலி, கடைசியா ஃபிளாக்ஸ்டாஃப் வழியாத் திரும்பி வீடு. வாடகைக் கார், ஓட்டறது நான் ஒருத்தன்தான். அப்பாவுக்கு சுகர், வேளைக்குச் சாப்பிட்டாகணும். அம்மாவுக்கு முட்டி வலி. வழி தவறி ரெண்டு மணி நேரம் சுத்தினா "ஜாலி மச்சி"ன்னு சிரிக்கிற கூட்டம் இல்ல இது.

கார் புக் பண்ணும்போது ஜிபிஎஸ் கருவி வேணுமான்னு கேட்டாங்க. ஒரு நாளைக்கு 16 டாலராம். அஞ்சு நாளைக்கு 80, அதுக்கு மேல வரி. என்னோட ரெண்டு வார மளிகைக் காசு! ரூம்மேட்கிட்ட சொன்னா, "போன்லயே கூகுள் இருக்கு, எதுக்குடா தண்டம் அழற?"ங்கறான். அப்பாவுக்கு போன் போட்டா அவர் அதுக்கும் மேல. "வாயுள்ள பிள்ளை பொழைச்சுக்கும்டா. நீ வண்டிய ஓட்டு, நான் எறங்கி வழி கேட்டுக்கறேன்."

நம்ம ஊர்ல அது சரி. டீக்கடைல நிறுத்திக் கேட்டா நாலு பேர் நாலு வழி சொல்வாங்க, அஞ்சாவதா ஒருத்தர் வண்டிலயே ஏறி உக்காந்து கூட வருவார் :-) ஆனா நாங்க போற வழியில பெரும்பகுதி நவஹோ பழங்குடி மக்களோட நிலம். சுமார் 70,000 சதுர கிலோமீட்டர். அதாவது தமிழ்நாட்டுல பாதிக்கு மேல. அதுல பல இடத்துல வழி கேக்க ஆளும் இல்ல, செல்போன் டவரும் இல்ல.

அதனால உக்காந்து கொஞ்சம் படிச்சேன். புரிஞ்சது இதுதான். "ஜிபிஎஸ்"னு நாம ஒரே பேர் வெச்சுக் கூப்பிடறது உண்மையில மூணு தனித்தனி விஷயம். எதுக்குக் காசு, எது இலவசம்னு பிரிச்சுப் பார்த்துட்டா குழப்பம் போயிடும்.

1. நான் எங்க இருக்கேன்?

இது வானத்துலேர்ந்து வருது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்தற செயற்கைக்கோள்கள் நேரத்தையும் தாங்க இருக்கற இடத்தையும் சொல்லிக்கிட்டே இருக்கு. நம்ம போன் சும்மா காது கொடுத்துக் கேக்குது, அவ்வளவுதான். நாலு கோள்களோட சத்தம் கிடைச்சா கணக்குப் போட்டு இடத்தைக் கண்டுபிடிச்சிடும். போன்லேர்ந்து மேல எதுவும் போறதில்ல. அதனால சிம் வேண்டாம், டேட்டா வேண்டாம், மாசக் கட்டணமும் கிடையாது. முன்னாடி பொதுமக்களுக்கு வர்ற சிக்னலை அமெரிக்க அரசு வேணும்னே கொஞ்சம் கெடுத்துத்தான் விட்டுது. 2000-ம் வருஷம் மே மாசம் அதையும் நிறுத்திட்டாங்க.

2. அந்த இடம் மேப்ல எங்க இருக்கு?

காசு இதுக்குத்தான். இதுக்குத்தான் ஒரு காலத்துல அநியாய விலை. 2009 ஆகஸ்ட்ல ஐபோனுக்கு டாம்டாம் ஆப் வந்தப்ப, அமெரிக்கா, கனடா மேப்போட விலை 99.99 டாலர். ரெண்டே மாசத்துல, அக்டோபர் கடைசியில, கூகுள் ஆண்ட்ராய்டுக்கு இலவசமா வழிகாட்டி விட்டுது. அன்னைக்கே கார்மின், டாம்டாம் பங்குகள் தலைகுப்புற விழுந்துது. 2010 ஜனவரில நோக்கியாவும் தன் மேப்பை இலவசமாக்கிடுச்சு. அதுக்கு முன்னாடிதான் நேவ்டெக்ங்கற மேப் கம்பெனியை 8 பில்லியன் டாலருக்கு மேல குடுத்து வாங்கியிருந்தாங்க, பாவம். அதோட வாரிசுதான் இன்னைக்கு ஹியர் வீகோ. ஆக, மேப்பும் இப்ப இலவசம்.

3. மேப் என் கைக்கு எப்படி வருது?

மாணவர் பர்ஸ் அடிவாங்கற இடம் இதுதான். சாதாரணமா கூகுள் மேப்ஸ், போகப் போக மேப்பை இன்டர்நெட்லேர்ந்து இழுக்குது. நம்ம கிட்ட இருக்கறதோ மாசம் பத்துப் பதினஞ்சு டாலர் சிக்கன பிளான். பெரிய கம்பெனிகிட்ட டவரை வாடகைக்கு எடுத்து நடத்தறவங்க பிளான் இதெல்லாம். ஊருக்குள்ள சூப்பரா இருக்கும். ஆனா அந்தப் பெரிய கம்பெனி டவர் இல்லாத இடத்துல, வேற கம்பெனி டவரைத் தொத்திக்கற ரோமிங் வசதி இதுல பலதுக்கும் கிடையாது. பாலைவனத்துல சிக்னல் போச்சுன்னா, போன் நாம எங்க இருக்கோம்னு கரெக்டா ஒரு நீலப் புள்ளி போடும், அதைச் சுத்தி மேப்பே இருக்காது. வெறும் சாம்பல் கட்டம்.

தீர்வு சிம்பிள். மேப்பை வீட்டு வைஃபைல முன்கூட்டியே இறக்கி வெச்சுக்கணும். நான் பார்த்த ஆப்கள் இவை:

கூகுள் மேப்ஸ்: கட்டம் போட்டு ஏரியாவை இறக்கிக்கலாம். மோட்டல், பெட்ரோல் பங்க், கடை தேடறதுல இதை அடிக்க ஆளில்ல. ஆனா ஆஃப்லைன்ல டிராஃபிக் கிடையாது, மாற்று வழி காட்டாது. இறக்கினதை அப்பப்பப் புதுப்பிக்கலேன்னா காலாவதியாகிடும். ஐபோன்காரங்களுக்கு 2023-லேர்ந்து ஆப்பிள் மேப்ஸ்லயும் ஆஃப்லைன் உண்டு.

ஹியர் வீகோ: ஒரு மாநிலத்தை முழுசா இறக்கிக்கலாம். அரிசோனா, யூட்டா ரெண்டையும் இறக்கிட்டா நம்ம கதை முடிஞ்சுது.

ஆர்கானிக் மேப்ஸ்: ஓபன்ஸ்ட்ரீட்மேப்ங்கற, 2004-ல ஆரம்பிச்ச, தன்னார்வலர்கள் வரையற மேப்ல ஓடுது. விளம்பரம் இல்ல, முழுக்க இலவசம். மண் ரோட்டைத் தவிர்னு சொல்ற வசதி இருக்கு. வீட்டு எண் போட்டுத் தேடறதுல மட்டும் கொஞ்சம் வீக்.

ஓஸ்ம்அண்ட்: அதே மேப், ஆனா ஆயிரம் பட்டன். நோண்டறவங்களுக்கு சொர்க்கம், அவசரக்காரங்களுக்கு நரகம் :-)

வேஸ்: ஊருக்குள்ள ஆபீஸ் நேர டிராஃபிக்குக்குப் பிரமாதம். ஆனா அதோட உயிரே இன்டர்நெட்தான். பாலைவனத்துக்கு வேண்டாம்.

என் முடிவு: கூகுளும் ஆர்கானிக் மேப்ஸும். ஏன் ரெண்டு? ரெண்டும் வேற வேற ஆளுங்க போட்ட மேப். ரெண்டும் ஒரே ரோட்டைக் காட்டினா நம்பிப் போகலாம். ரெண்டும் சண்டை போட்டா வண்டியை நிறுத்தி யோசிக்கணும்.

இங்கதான் காசை விடப் பெரிய விஷயம் வருது. 2011 மார்ச்ல கனடாலேர்ந்து லாஸ் வேகாசுக்கு வேன்ல கிளம்பின ஒரு தம்பதி, நெவாடால ஜிபிஎஸ் காட்டின குறுக்கு வழியில போய் மலைப்பாதைச் சேத்துல மாட்டிக்கிட்டாங்க. கணவர் உதவி தேடி நடந்து போனார், திரும்பவேயில்ல. அடுத்த வருஷம் உடல்தான் கிடைச்சுது. மனைவி வேனை விட்டு நகரல. 49 நாள் கழிச்சு அந்தப் பக்கம் வந்த வேட்டைக்காரங்க உயிரோட கண்டுபிடிச்சாங்க. டெத் வேலி ரேஞ்சர்கள் மத்தியில இப்படிப்பட்ட சாவுக்கு "ஜிபிஎஸ் மரணம்"னு ஒரு பேரே இருக்கு.

கருவி அங்க பொய் சொல்லல. நாம கேட்டது கிட்ட வழி, அது கிட்ட வழியைக் காட்டுது. அந்த ரோட்டுல சேறா, பனியா, வாடகைக் கார் தாங்குமான்னு அதுக்குத் தெரியாது. மேப்புக்குள்ள போனா இன்னொரு கூத்து. 2007, 2008-ல அமெரிக்க சென்சஸ் ஆபீஸோட ரோடு கணக்கை அப்படியே ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல கொட்டினாங்க. மாடு போற தடம்கூட சில இடத்துல குடியிருப்புத் தெரு மாதிரி பதிவாயிடுச்சு. நிறைய திருத்திட்டாங்க, ஆனா ஆள் இல்லாத மேற்குப் பக்கத்துல மிச்சம் இன்னும் இருக்கு. அதான் சொல்றேன், தார் ரோடு முடிஞ்சு மண் ரோடு ஆரம்பிச்சா, போன் என்ன சொன்னாலும் வண்டியைத் திருப்பிடணும்.

நம்ம ரூட்லயே மூணு பொறி இருக்கு. அந்தப் பக்கம் போறவங்க குறிச்சுக்கோங்க.

ஒண்ணு, "கிராண்ட் கேன்யன்"னு மட்டும் அடிக்காதீங்க. தெற்கு விளிம்பு வேற, வடக்கு விளிம்பு வேற. காக்கா பறந்தா 16 கிலோமீட்டர்தான், கார்ல போனா சுமார் 345 கிலோமீட்டர், நாலரை அஞ்சு மணி நேரம். வடக்குக்குப் போற ரோடு குளிர்காலத்துல மூடி, வழக்கமா மே நடுவுலதான் திறக்கும். அங்க இருந்த பழைய லாட்ஜ் 2025 ஜூலைல காட்டுத்தீல எரிஞ்சே போச்சு. பழைய மேப்ல அது இன்னும் ஜம்முனு நின்னுட்டிருக்கும். கண்ணாடிப் பாலம் இருக்கற மேற்குப் பகுதி இன்னொரு ஊர், இன்னொரு நாள். அதனால போற இடத்தோட விசிட்டர் சென்டரைத் தேடி, அதை மேப்ல புள்ளியா வெச்சுக்கணும்.

ரெண்டு, நேரம். அரிசோனால கோடைக்குக் கடிகாரத்தை மாத்தறதில்ல. ஆனா நவஹோ நிலத்துல மாத்தறாங்க. போன் எந்த டவரைப் பிடிக்குதோ அந்த நேரத்துக்குத் தாவும். பேஜ் பக்கத்துல ஆன்டிலோப் கேன்யன் டூர்க்காரங்க அரிசோனா நேரத்துல நடத்தறாங்க, மானுமென்ட் வேலில நவஹோ நேரம். போய்ச் சேர இத்தனை மணின்னு ஆப் காட்டறது எந்த ஊர் மணின்னே தெரியாது. காசு கட்டின டூரும் போகும், அப்பாவோட மாத்திரை நேரமும் குழம்பும். போன்ல தானியங்கி நேரத்தை நிறுத்திட்டு ஃபீனிக்ஸ்னு வெச்சுடுங்க. மானுமென்ட் வேலிக்கு மட்டும் ஒரு மணி கூட்டிக்கோங்க.

மூணு, வெயில். ஐபோன் 35 டிகிரி வரைக்கும்தான்னு ஆப்பிளே சொல்லுது. அரிசோனா மே மாசம் டேஷ்போர்டு மேல வெச்சா அப்பளம்தான். ஏசி காத்து வர்ற துவாரத்துல மாட்டற ஹோல்டர் வாங்கினா போன் குளிர்ச்சியா இருக்கும். கையில வெச்சுக்கிட்டு ஓட்டற எண்ணமே வேண்டாம். அரிசோனால 2021 ஜனவரிலேர்ந்து அதுக்கு அபராதம், முதல் தடவையே 75 டாலர்லேர்ந்து 149 வரைக்கும்.

இனி சிக்கனச் சிகாமணியோட சூப்பர் டிப்: டிராயர்ல தூங்கற பழைய போன்! ஸ்கிரீன் கீறியிருந்தா என்ன, சிம் இல்லாட்டி என்ன, அதுலயும் ஜிபிஎஸ் சில்லு இருக்கு. ஆர்கானிக் மேப்ஸை அதுல இறக்கி, வழிகாட்டற வேலைக்குன்னே ஒதுக்கியாச்சு. நல்ல போனோட பேட்டரி அவசரத்துக்கு மிச்சம். ஒண்ணே ஒண்ணு, நெட் இல்லாத போன் செயற்கைக்கோள் விவரத்தை வானத்துலேர்ந்தே மெதுவா வாங்கணும். முதல் தடவை இடம் கண்டுபிடிக்கப் பல நிமிஷம் ஆகலாம். கிளம்பறதுக்கு முன்னாடி வெட்டவெளில வெச்சுடணும்.

கிளம்பற முன்னாடி வீட்டுல ஒரு பரீட்சை: போனை ஃபிளைட் மோடுல போட்டு, முழு ரூட்டையும் கேளுங்க. வழி சொல்லிச்சுன்னா பாஸ். முழிச்சுதுன்னா மேப் சரியா இறங்கல. இதை ரூம்ல கண்டுபிடிச்சா பிரச்சனையில்ல, ரோட்டுல கண்டுபிடிக்கக் கூடாது.

மொத்தச் செலவு: ஹோல்டர், கார்ல சொருகற சார்ஜர், நீளமான ஒயர். எல்லாம் சேர்த்து 25 டாலருக்குள்ள. அதுவும் அடுத்த ட்ரிப்புக்கும் ஆகும். மிச்சமான காசுல தண்ணி கேன். பாலைவனத்துல ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், கிட்டத்தட்ட நாலு லிட்டர். அன்னன்னைக்குக் காலைல 511-க்கு போன் பண்ணா எந்த ரோடு மூடியிருக்குன்னு அரிசோனா அரசாங்கமே சொல்லும். அதுவும் இலவசம். வண்டி எங்கயாவது நின்னுபோச்சுன்னா, காரை விட்டு யாரும் நடக்கக் கூடாது. இதை அப்பாகிட்ட இப்பவே சொல்லியாச்சு. மனுஷன் இறங்கி வழி கேக்கப் போயிடுவார்.

கடைசியா பேட்டரியே தேவைப்படாத ஒரு நேவிகேட்டரும் ரெடி. ஒரு வெள்ளைத் தாள்ல ஃபிளாக்ஸ்டாஃப், கேமரன், பேஜ், கயென்டான்னு ஊர் பேரை எல்லாம் வரிசையாத் தமிழ்ல எழுதி, நடுவுல எத்தனை மைல், எங்க பெட்ரோல், எங்க சாப்பாடுன்னு குறிச்சு வெச்சிருக்கேன். முன் சீட்டுல அம்மா உக்காந்து அதைப் படிக்கணும். அடுத்து வர்ற ஊர் தாள்ல இல்லேன்னா உடனே சத்தம் போடணும். சத்தம் போடறதுல அம்மாவை எந்த ஆப்பும் மிஞ்ச முடியாது :-)))

அப்ப வர்ட்டா?