480 நாள் சட்டம் இனி நிற்குமா?

தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆட்குறைப்புக்கான 300 பேர் வரம்பு, வேலைநிறுத்த அறிவிப்பு பற்றியெல்லாம் நிறையப் பேசியாயிற்று. தமிழகத்தில் வழக்காடும் நமக்கு அவற்றைவிடப் பெரிய தலைவலி, குறித்த கால வேலை.

24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம். நோயோ அனுமதி பெற்ற விடுப்போ அந்தத் தொடர்ச்சியை அறுக்காது. (கட்டுமானப் பணிகளுக்கு விலக்கு உண்டு.) 480 நெருங்கும்போது பெயரை நீக்கி, சில நாள் கழித்துப் புது எண்ணில் சேர்த்துக்கொள்ளும் தந்திரம் நமக்குப் பழக்கமானதுதான்.

இனி அந்தத் தந்திரம் எதற்கு? முடிவுத் தேதி போட்ட ஒப்பந்தம் போதுமே. நிரந்தரத் தொழிலாளிக்கு இணையான ஊதியமும், ஓராண்டு முடித்தால் பணிக்கொடையும் உண்டு. நல்ல விஷயம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒப்பந்தத்தை எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்பதற்குச் சட்டத்தொகுப்பில் வரம்பே இல்லை. காலம் முடிந்து அனுப்பினால் அது ஆட்குறைப்பும் ஆகாது.

அரசமைப்பின் 254-ஆவது பிரிவைக் காட்டி, பிந்தைய மத்தியச் சட்டமே செல்லும் என்று நிர்வாகத் தரப்பு வாதிடும். சட்டத்தொகுப்பு நீக்கியது மூன்று மத்தியச் சட்டங்களை. 1981 சட்டம் அதில் இல்லை. குறித்த காலத் தொழிலாளிக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று சட்டத்தொகுப்பு சொல்கிறதே தவிர, அவரை நிரந்தரமாக்கக் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. ஒரே நிறுவனம் இரண்டையும் பின்பற்ற முடியும். அப்புறம் முரண் எங்கே? இந்தத் துறை முழுவதையும் நாடாளுமன்றமே எடுத்துக்கொண்டுவிட்டது என்ற வாதமும் வரும். உண்மையில் கடினமானது அதுதான்.

நீதிமன்றம் சொல்லட்டும் என்று மாநில அரசு காத்திருப்பது சரியல்ல. குறித்த கால ஒப்பந்தப் பணியும் 480 நாளில் சேரும் என்று 1981 சட்டத்தில் ஒரு விளக்கம் சேர்த்து, அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைக் கேட்க வேண்டும். கிடைக்குமா என்பது அரசியல். கேட்பது மாநிலத்தின் பொறுப்பு.

சங்கத் தோழர்களும் வழக்கறிஞர்களும் அதுவரை ஒப்பந்த நகல், சம்பளச் சீட்டு, பி.எஃப். பதிவு அனைத்தையும் இப்போதே திரட்டி வையுங்கள். ஒப்பந்தம் காலாவதியாகும்வரை பொறுக்காமல், 480 நாள் முடிந்த வாரமே மனுவைப் போடுங்கள்.